பேசி முடியாமல் கை நனைப்பதில்லை

ஹேமாவதிக்குச் சண்டை என்றால் உயிர். போடுவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று காதில் விழுந்தால் போதும், வீட்டுப்பாடத்தை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். "மத்த பிள்ளைக சண்டைன்னா வீட்டுக்குள்ள ஓடியாரும், இது செருப்பத் தேடும்" என்று அவளுடைய அம்மா தெருவெல்லாம் சொல்லி மானத்தை வாங்கினாள். ஹேமாவதி அதற்கெல்லாம் அசரவில்லை. மற்றவர்கள் அடிதடி முடிந்ததும் கலைந்துபோவார்கள். இவள் அதற்குப் பிறகும் நிற்பாள். கடைசியில் யார் போய் யாரைப் பேசக் கூப்பிட்டார்கள், எந்த டீக்கடையில் உட்கார்ந்தார்கள், யார் முதலில் சிரித்தார்கள், இதெல்லாம் தெரிந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

இந்தக் கோளாறுக்கு ஒரு படிப்பே இருக்கிறது என்பது உத்தமபாளையத்தில் பி.ஏ. அரசியல் அறிவியல் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. கல்லூரி நூலகத்தில் தூசி தட்டி எடுத்த ஒரு தடித்த புத்தகத்தில், எங்கோ ஒரு நாட்டில் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, பேச்சுவார்த்தை மேசையில் யார் எந்தப் பக்கம் உட்காருவது என்று இரண்டு தரப்பும் வாரக்கணக்கில் மல்லுக்கு நின்ற கதை இருந்தது. நின்ற இடத்திலேயே படித்தாள். சின்னமனூர் பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. தன்னைப் போலவே செருப்பைத் தேடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. நூலகம் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

அப்பா முத்துக்குமரன் வாழைத்தார் வியாபாரி. மகள் மதுரைக்குப் போய் எம்.ஏ. படித்தாள், அது புரிந்தது. அதற்கு மேல் முனைவர் பட்டத்துக்குக் கட்சிச் சண்டையையும் சமாதானப் பேச்சையும் ஆராயப்போகிறேன் என்று அவள் சொன்னபோது அவர், "இத நம்ம மண்டியிலேயே உக்காந்து பாக்கலாமே" என்றார். நியாயமான கேள்விதான். ஹேமாவதி உண்மையிலேயே மண்டியில் இருந்துதான் ஆரம்பித்தாள்.

படிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கல்யாணப் பேச்சும் நடந்தது. மயிலாடும்பாறைப் பக்கமிருந்து முதலில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். இந்தப் பக்கத்தில் பேசி முடியாமல் யாரும் கை நனைப்பதில்லை. சம்பந்தம் முடிவானால்தான் இலையில் உட்காருவார்கள். முடிவாகாவிட்டால் பாயசம் மணக்க மணக்க எழுந்து போய்விட வேண்டியதுதான், தப்பாகவும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அன்றைக்குப் பேச்சு எங்கேயோ இடறி, வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஒரு குண்டா உளுந்த வடையைப் பார்த்துப் பார்த்து அம்மா அழுதாள். கல்யாணப் பெண்ணோ மாமாவை மடக்கி, முதலில் எழுந்தது மாப்பிள்ளையின் அப்பாவா சித்தப்பாவா என்று துருவிக்கொண்டிருந்தாள். அடுத்து வந்த கார்த்திக்ராஜ் வீட்டார் பேசி முடித்து வயிறார உண்டார்கள். அவனுக்கு லோயர் கேம்ப் மின் நிலையத்தில் வேலை. மனைவி கம்பம் பள்ளத்தாக்கில் எங்கே கலவரம் நடந்தாலும் அங்கே போகிறவள் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் அவனுக்கு முழுதாகப் புரிந்தது. நல்ல மனுஷன், தன் பைக்கிலேயே கொண்டுபோய் விட்டான்.

பட்டம் வாங்கினாள். கௌரவ விரிவுரையாளராக இருந்து, நிரந்தர உதவிப் பேராசிரியரும் ஆனாள். விடுமுறை விட்டால் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். கொடிக்கம்பத்தை வெட்டியதில் வீடுகள் எரிந்த ஊர், தேர்தல் முடிந்த மறுநாள் மண்டை உடைந்த தெரு, இரண்டு தொழிற்சங்கங்கள் கம்பும் கல்லுமாக மோதிக்கொண்ட மேகமலை எஸ்டேட் லயன் வீடுகள் என்று ஒன்றையும் விடவில்லை. மேகமலைக்குப் போய் வந்ததில் அட்டைக்கடி ஆறவே நாளாயிற்று. சிலர் அவளை போலீஸ் ஆள் என்று நினைத்தார்கள், சிலர் குழுக் கடன் கொடுக்க வந்திருக்கிறாள் என்று ஆதார் அட்டையை நீட்டினார்கள். எல்லாரிடமும் கேட்டது ஒன்றுதான்: எப்படிப் பேசினீர்கள், பேசியது நிலைத்ததா?

கேட்டுக் கேட்டு ஒரு விஷயம் பிடிபட்டது. நிலைத்த சமாதானம் ஒவ்வொன்றிலும் இரண்டு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருந்தது. சாப்பிடாமல் கலைந்த இடங்களில் சில மாதத்திலேயே மறுபடி அரிவாள் வெளியே வந்தது. மேகமலையிலும் அப்படித்தான், மலையடிவாரத்திலும் அப்படித்தான். ஹேமாவதி துள்ளினாள். சேர்ந்து சாப்பிட்டால் மனம் இளகும், மனம் இளகினால் சமாதானம் நிற்கும் என்று ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டு இதழுக்கு அனுப்ப, அவர்கள் அதை முதல் கட்டுரையாகவே போட்டார்கள். அவளுடைய பெயர் வெளியே தெரிந்தது அதனால்தான். அதில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்குத் தெரியாமல் போனது பெரிதில்லை, வடைக் குண்டாவுக்குப் பக்கத்தில் நின்றவளுக்குத் தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் கோட்டாட்சியர் அனுசுயா அவளை அழைத்தார். மேலப்பட்டிக்கும் கீழப்பட்டிக்கும் பேச்சுவார்த்தை வைக்கப் போகிறோம், நடுவில் உட்கார நீங்கள் வர முடியுமா என்று கேட்டார். இத்தனை வருஷமாக அடுத்தவர்கள் பேசி முடித்ததைப் போய்க் கேட்டு எழுதினவள் ஹேமாவதி. நடக்கும்போதே உள்ளே இருப்பது இதுதான் முதல் தடவை. வருகிறேன் என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

இரண்டு ஊரும் ஒரே வாய்க்காலின் மேலும் கீழும் இருப்பவை. இரண்டிலும் திராட்சைத் தோட்டம், கட்சி மட்டும் வேறு வேறு. ஆறு வருஷத்துக்கு முன்னால் உள்ளாட்சித் தேர்தல் முடிந்த கையோடு ஒரு கட்சியின் கொடிக்கம்பம் அறுபட்டுக் கிடந்தது. பதிலுக்கு மற்றக் கட்சியினுடையதும் விழுந்தது. அன்று நடந்த மோதலில் பைக்குகள் எரிந்தன, மேலப்பட்டி அம்மாவாசியின் வலது மணிக்கட்டில் அரிவாள் விழுந்தது. வெட்டியது யாரென்று கூட்டத்தில் யாரும் பார்க்கவில்லை என்றார்கள். கீழப்பட்டியில் பலர் பேரில் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. அன்றிலிருந்து மினி பஸ் மேலப்பட்டியோடு திரும்பிவிடும், கீழப்பட்டிக்காரர்கள் வாய்க்கால் கரையில் நடந்து போக வேண்டும். உயர்நிலைப் பள்ளி கீழப்பட்டியில் இருந்ததால் மேலப்பட்டிப் பிள்ளைகள் கம்பம் நகருக்குப் போய்ப் படித்தார்கள். இப்போது அடுத்த தேர்தல் வருகிறது. மேலப்பட்டி முக்கில் புதிதாகக் கொடிக்கம்பம் நட ஒரு குழி தோண்டியாகிவிட்டது. அந்தக் குழியை மூடாவிட்டால் இந்தத் தடவை உயிர் போகும் என்று எல்லாருக்குமே தெரிந்திருந்தது.

பேச ஒரு பொது இடம் வேண்டும். கம்பம் நகரில் ராஜா முகம்மது பாயின் திராட்சைக் கொட்டகை அகப்பட்டது. இரண்டு ஊர்ப் பழத்தையும் அவர்தான் வாங்குகிறார், இரண்டு ஊருமே அவரோடு சண்டை போட முடியாது. அவர் மனைவி சுல்தான் பீவி பிரியாணிக்கு நான் பொறுப்பு என்றார். ஹேமாவதி திட்டத்தைத் தெளிவாகப் போட்டிருந்தாள். வந்ததும் முதல் வேலை சாப்பாடு. வயிறு நிறைந்து, மனம் இளகி, பிறகு பேச்சு. கார்த்திக்ராஜ் பைக்கில் கொண்டுவந்து இறக்கும்போது, இன்று ஒரு புத்தகமே எழுதுகிற அளவுக்கு நடக்கப்போகிறது பார் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பிளாஸ்டிக் டிரேக்களைச் சுவரோரம் அடுக்கிவிட்டு நடுவில் பாய் விரித்திருந்தார்கள். பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். கீழப்பட்டிக்கு பொன்னுராஜ் தலைமை, நிறையப் பேசுகிறவர், வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் வந்திருந்தார். மேலப்பட்டியின் முன்வரிசையில் அம்மாவாசி. வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி பஞ்சம்மாள். கோட்டாட்சியர் பேப்பரும் பேனாவுமாக ஒரு நாற்காலியில், பக்கத்தில் ஒரு சப் இன்ஸ்பெக்டர்.

ஹேமாவதி எழுந்து கும்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "மொதல்ல எல்லாரும் ஒண்ணா சாப்பிடுவோம். அப்புறம் பேசுவோம்" என்றாள்.

பொன்னுராஜ் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். எதிரே மேலப்பட்டிக்காரர்களும் எழுந்தார்கள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு ஊரும் ஒன்று சேர்ந்து ஒரு காரியம் செய்தது. இரண்டும் வாசலைப் பார்த்து நடந்தன.

"பேசி முடிக்காம எப்படி டீச்சர் கை நனைக்கிறது?" என்றார் பொன்னுராஜ். "தின்னுட்டுப் போயிட்டா, பேச்சு முடிஞ்சிருச்சுன்னுல்ல ஊருல அர்த்தம். எதை முடிச்சீகன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

மேலப்பட்டிக்காரர் ஒருவர், எதிரி சொல்வதை ஒத்துக்கொள்வதா என்று ஒரு நொடி தயங்கிவிட்டு, அவர் சொல்றது சரிதான் என்று தலையை ஆட்டினார்.

ஹேமாவதிக்கு அந்த உளுந்த வடைக் குண்டா கண் முன்னால் வந்தது. சாப்பிட்டதால் சமாதானம் நிற்கவில்லை. சமாதானம் ஆன இடத்தில்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். அவள் எழுதியது தலைகீழ். உலகமெல்லாம் மேற்கோள் காட்டும் கட்டுரை, அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கட்டுரை, ஒரே நொடியில் பொய்யாகிப் போனது. வேறு யாராவது என்றால் இடிந்துபோயிருப்பார்கள். ஹேமாவதி வாய்விட்டுச் சிரித்தாள். இவ்வளவு நல்ல விஷயம் இத்தனை நாள் கண்ணில் படாமல் இருந்ததே என்று அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கோட்டாட்சியர் பயந்துபோய்ப் பார்த்தார்.

ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டாள். "நாந்தேன் தப்பாச் சொல்லிட்டேன். உக்காருங்க. பேசி முடியிற வரைக்கும் இந்தத் தேக்சா மூடியத் திறக்க மாட்டோம். பேச்சு முறிஞ்சா பிரியாணியப் பாய் வீட்டுலயே வச்சுக்கிரட்டும்" என்றாள்.

இப்போது சொன்னது அவர்களுக்குப் புரிகிற பேச்சு. உட்கார்ந்தார்கள். மைதா மாவு பூசி மூடிய பிரியாணித் தேக்சா ஓரத்தில் தம்மில் கிடந்தது. வாசனையை யாரும் பூசி மூட முடியாதே, அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்ததை ஹேமாவதி வாழ்நாளில் மறக்க மாட்டாள். மினி பஸ் மேலப்பட்டித் தெரு வழியாகக் கீழப்பட்டி வரை போகலாம் என்பது முதலில் முடிந்தது. பஸ்ஸை மறித்ததே நாங்கள் இல்லை, அதுவாக நின்றுவிட்டது என்று மேலப்பட்டி சொன்னதைக் கீழப்பட்டி பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொண்டது. பள்ளிக்கூடம் அதைவிடச் சுலபமாக முடிந்தது, பிள்ளைகளின் அம்மாக்கள் முந்தியே பேசி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. கொடிக்கம்பத்தில்தான் அனல் பறந்தது. எந்த இடம், எவ்வளவு உயரம், யாருடையது சாலைக்குப் பக்கம் என்று மூன்று தடவை பொன்னுராஜ் எழுந்து மூன்று தடவையும் உட்கார்ந்தார். கடைசியில் இரண்டு கம்பமும் இரண்டு ஊருக்கும் நடுவில், ஒரே உயரத்தில், ஒரே வெல்டரிடம் செய்ய வேண்டும் என்று ஆயிற்று. மேலப்பட்டி முக்கில் தோண்டிய குழியை அவர்களே மூடுவது. ஹேமாவதி விரிப்பின் நுனியில் உட்கார்ந்து, கிரிக்கெட் பார்ப்பவளைப் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தாள்.

அதுவரை வாயே திறக்காத அம்மாவாசி அப்போதுதான் பேசினார். எல்லாம் சரி, வெட்டியது யார் என்று இந்தச் சபையில் சொல்ல வேண்டும் என்றார்.

எல்லாம் நின்றுபோனது. பொன்னுராஜ் தரையைப் பார்த்தார். வழக்கு நடக்கும்போது வாயைத் திறக்கவே கூடாது என்று வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தார். இங்கே ஒரு பெயர் சொன்னால் கோட்டாட்சியர் எழுதியாக வேண்டும், சப் இன்ஸ்பெக்டர் கேட்டாக வேண்டும். எழுதினால் ஜெயில். எழுதாவிட்டால் அம்மாவாசி கையெழுத்துப் போட மாட்டார், அவர் போடாமல் மேலப்பட்டியில் ஒருத்தரும் போட மாட்டார்கள். பஸ்ஸும் பள்ளிக்கூடமும் ஒரே உயரக் கம்பமும் கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாமல் போகப் பார்த்தன. உள்ளேயிருந்து சுல்தான் பீவி, இன்னும் நேரமானால் அடிப்பிடித்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

படித்த படிப்பெல்லாம் ஹேமாவதியின் தலைக்குள் ஓடியது. ஒன்றும் உதவவில்லை. சின்ன வயதில் மண்டியில் கேட்டதைப் போலச் சும்மா கேட்டாள். "பேரு தெரிஞ்சா என்ன செய்வீக அண்ணே?"

"ஒண்ணுஞ் செய்ய மாட்டேன். ஆறு வருசமா இவதான் ஊட்டி விடுறா" என்று அம்மாவாசி பஞ்சம்மாளைக் காட்டினார். "சோத்துல கைய வைக்க முடியல. பீச்சாங்கையால திங்க மனசு வரல. ஒரு விசேச வீட்டுல பந்தியில உக்காந்ததில்ல. அந்தச் சங்கடம் எவனாலன்னு தெரியாமயே இருக்கேன், அதான்."

கீழப்பட்டிப் பக்கம் யாரும் நிமிரவில்லை. அம்மாவாசி அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, பேப்பரைக் கொடுங்கள் என்று இடது கையை நீட்டிக் கட்டைவிரல் ரேகை வைத்தார். ஏன் திடீரென்று மனம் மாறினார் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. அவர் வைத்ததும் மற்றவர்கள் மளமளவென்று கையெழுத்துப் போட்டார்கள்.

தேக்சா மூடி திறந்தது. கொட்டகையில் எதிரெதிரே இரண்டு வரிசை இலை விழுந்தது. ஹேமாவதிக்கும் மேலப்பட்டி வரிசையில் ஒரு இலை. எல்லா இலையிலும் பரிமாறியாயிற்று. யாரும் கை வைக்கவில்லை. எல்லாரும் அம்மாவாசியைப் பார்த்தார்கள். அடிபட்டவர் கை நனைக்காமல் மற்றவர் நனைத்தால் அது என்ன சமாதானம்? பஞ்சம்மாள் வழக்கம்போல அவர் இலையில் கை வைக்கப் போனாள். அவர் இடது கையால் தடுத்தார்.

"வெட்டுனவன் வந்து ஊட்டட்டும்" என்றார். "பேரு வேணாம். பேச்சும் வேணாம்."

கோட்டாட்சியர் அனுசுயா சட்டென்று எழுந்தார். திராட்சை டிரே எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று வெளியே போனார். சப் இன்ஸ்பெக்டருக்கும் திராட்சை மேல் திடீர் ஆசை வந்துவிட்டது. ஹேமாவதி மடியில் இருந்த ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்தாள். அவள் இத்தனை வருஷம் தேடி அலைந்த நொடி இதுதான். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்துப் பைக்குள் போட்டாள்.

எதிர் வரிசையில் ஒருவன் எழுந்தான். இரண்டு பந்திக்கும் நடுவே வந்து அம்மாவாசியின் இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். முதல் கவளம் இலையிலேயே சிந்தியது. மறுபடி எடுத்தான். அம்மாவாசி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார், நிதானமாக மென்றார், விழுங்கினார். பஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஊட்டியவனும் அழுதான்.

"ஏலே, கறியையும் சேத்து வையி" என்றார் அம்மாவாசி.

பந்தி முழுக்கச் சிரித்துவிட்டது. அத்தனை கையும் ஒன்றாகச் சோற்றில் இறங்கியது. அடி கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது, ஒருவரும் குறை சொல்லவில்லை. அடுத்த வாரம் மினி பஸ் கீழப்பட்டி வரை போனபோது ஹேமாவதி வேண்டுமென்றே அதில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை டிக்கெட் எடுத்தாள். முக்கில் குழி மூடியிருந்தது. அதன் மேல் யாரோ கட்டில் போட்டு மிளகாய் காயவைத்திருந்தார்கள்.

பழைய கட்டுரை தவறு என்று அவளே அந்த இதழுக்கு எழுதினாள். கூடவே புதிய கட்டுரை ஒன்றும். பேச்சு முடிந்த பிறகுதான் பந்தி, ஆனாலும் சில பேச்சு பந்தியில்தான் முடிகிறது என்று அதில் எழுதியிருந்தாள். மதுரையில் ஒரு கருத்தரங்கில் அதை வாசித்தபோது அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, அபாரம் என்று சொல்லிவிட்டு, ஆதாரம் வேண்டுமே, ஊட்டிய ஆள் யார் என்று கேட்டார்.

நான் கவனிக்கவில்லை என்றாள் ஹேமாவதி.

சண்டை என்று காதில் விழுந்தால் செருப்பைத் தேடுகிறவள், அம்மாவாசியின் இலைக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தவள், கவனிக்கவில்லையாம்.